ஆளில்லாத வீட்டில் நாய் என்ன செய்கிறது என்று யாரைக் கேட்பது?

நாய்ப் பயிற்சியாளரிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவற்றை வளர்ப்பவர் தன் கண்ணால் பார்த்திருப்பார். நடைக்குக் கூட்டிப் போனால் இழுக்கிறது, விருந்தாளி மேல் தாவுகிறது, தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறது, எல்லாம் அவர் முன்னாலேயே நடப்பவை. தனியாக விட்டால் பதறும் நாயின் விஷயம் அப்படியில்லை. அது நடக்கும்போது வீட்டில் யாரும் இருப்பதில்லை, யாராவது இருந்தால் பெரும்பாலும் அது நடப்பதும் இல்லை. வளர்ப்பவர் பார்த்ததெல்லாம் திரும்பி வந்தபோது கிடந்த மிச்சம்தான்: பிராண்டிய கதவு, ஈரமான தரை, எதிர் வீட்டுக்காரரின் கடுகடுத்த முகம். இந்த மிச்சங்களை வைத்து அவர் மனதுக்குள் ஒரு கதை கட்டியிருப்பார், முதல் போன் காலில் நமக்கு வருவது அந்தக் கதை.

உட்கார், நில், வா என்று சொல்லிக்கொடுக்க நாயின் வயதும் பேரும் தெரிந்தால் போதும், மற்றதை நாயே நம் எதிரில் காட்டிவிடும். இங்கே பயிற்சியாளர் வீட்டுக்குள் கால் வைத்த அந்த நிமிஷமே நாய் தனியாக இல்லை, பிரச்சினையும் மறைந்துவிடுகிறது. அதனால் செப்பரேஷன் ஆங்சைட்டி, அதாவது ஆள் பிரிந்தால் வரும் பதற்றம் என்று சந்தேகிக்கிற நாய்க்குப் பயிற்சி தொடங்கும் முன் வீட்டுக்காரரிடம் தகவல் திரட்டுவது ஏதோ அட்மிஷன் ஃபாரம் நிரப்புகிற சடங்கு அல்ல. எங்கே ஆரம்பிப்பது, எதைச் செய்யவே கூடாது, இது நம் வேலையா மருத்துவர் வேலையா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும், "நாயைச் சரிபண்ணச் சொன்னா என் வீட்டுக் கதையை எல்லாம் கேக்குறாங்க" என்று எரிச்சல்படும் வளர்ப்பவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கால் பெரும்பாலும் இந்த மாதிரிதான் போகும்.

"என்ன பண்ணுது சார்?"

"பழிவாங்குது மேடம். நான் ஆபீஸ் போறேன்ல, அந்தக் கோபத்துல சோஃபாவைக் கிழிச்சு வெச்சிருக்கு. நான் வந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு மூலையில போய் நிக்குது. தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது பாருங்க."

இதில் நடந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடியது சோஃபா கிழிந்திருக்கிறது என்பது மட்டும். பழி, கோபம், குற்ற உணர்ச்சி எல்லாம் அவர் சேர்த்துக்கொண்டவை. அந்தத் தலை தொங்கலைப் பற்றி நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார், திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்று அவரிடம் சில சமயம் உண்மையாகவும் சில சமயம் பொய்யாகவும் சொல்வார்கள். 'திருட்டு முழி' வந்ததற்கும் நாய் உண்மையில் தின்றதற்கும் சம்பந்தமே இல்லை, திட்டு விழுந்ததா என்பதுதான் கணக்கு. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முழி இன்னும் அதிகமாகத் தெரிந்ததாம். இதை முதல் காலிலேயே விளக்கி வாதாட வேண்டியதில்லை, வாதாடினால் அவர் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். கேள்வியை மாற்றிக் கேட்டாலே போதும்.

சோஃபாவில் எந்தப் பக்கம் கிழிந்திருந்தது? அது வாசலைப் பார்த்த பக்கமா, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பக்கமா? பஞ்சு ஹால் முழுக்க இறைந்து கிடந்ததா, ஒரே இடத்திலா? அங்கே எச்சில் ஈரம் இருந்ததா? கதவு நிலை, கைப்பிடி, ஜன்னல் கம்பி இவற்றில் கீறல் உண்டா? தலையணையும் செருப்பும் ரிமோட்டும் சேதமாகிக் கதவு மட்டும் பத்திரமாக இருந்தால் அது பெரும்பாலும் பல் ஊறும் வயதுக் குட்டி, இல்லையென்றால் நாள் முழுக்க வேலையே இல்லாத நாய். வெளியே போகும் வழிகளில் மட்டும் சேதம், அதோடு நகம் உடைந்திருக்கிறது, ஈறில் ரத்தம் என்றால் அது சேட்டை இல்லை, உயிர்ப்பயம்.

"வழக்கமா என்ன பண்ணும்?" என்று கேட்கவே கூடாது என்பது என் கட்சி. வழக்கமாக என்று கேட்டால் அவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அதே கதை வரும். "கடைசியா அதைத் தனியா விட்டுட்டுப் போனது என்னைக்கு? அன்னைக்குக் காலையில நீங்க எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டால் மனிதர் யோசிக்க ஆரம்பிப்பார். குளித்தேன், சட்டை அயர்ன் பண்ணினேன், டிபன் பாக்ஸ் மூடினேன், அப்போதே அது எழுந்து என் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டது, ஹெல்மெட்டை எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, கிரில் கேட்டை இழுத்தேன், முதல் மாடி இறங்கும்போதே ஊளை கேட்டது. இதில் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். பதற்றம் கதவு சாத்தியதும் தொடங்கவில்லை, டிபன் பாக்ஸ் மூடும் சத்தத்திலேயே தொடங்கிவிட்டது, அப்படியென்றால் இந்த நாய்க்குப் பிரிவு அரை மணி நேரம் முன்னாலேயே ஆரம்பமாகிறது. டிபன் பாக்ஸைக் கவனித்ததாக அவருக்கே அதுவரை தெரிந்திருக்காது.

அடுத்தது, இது உண்மையிலேயே தனிமைதானா என்ற கேள்வி. தனியாக இருக்கும்போது குரைக்கிற எல்லா நாயும் தனிமைக்காகக் குரைப்பதில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸின் குழு 2,700-க்கும் மேற்பட்ட நாய்களின் தகவல்களைப் பிரித்துப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகைகளைச் சொன்னது: வீட்டுக்குள் இருக்கும் எதிலிருந்தோ தப்பிக்கத் துடிப்பவை, வெளியே இருக்கும் எதையோ அடையத் துடிப்பவை, வெளிச் சத்தத்துக்கும் நடமாட்டத்துக்கும் எகிறுபவை, சலிப்பில் எதையாவது செய்பவை. நான்குக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. அதே வருஷம் பின்லாந்தில் 13,700-க்கும் அதிகமான நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கில் சத்தத்துக்கு மிரளுபவை 32 சதவீதம், பிரிவு சம்பந்தமான தொல்லை உள்ளவை ஏறக்குறைய 5 சதவீதம். அது பின்லாந்துக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆனால் 'ஆளில்லாதபோது கத்துகிறது' என்றதும் சத்தத்தையும் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

நம் ஊர் சத்தங்களோ கேட்கவே வேண்டாம். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழக அரசு 2018-இலிருந்து நேரம் குறித்திருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் தீபாவளி வருஷத்தில் ஒருநாள், சவ ஊர்வல வெடிக்கு நாள் கிழமை இல்லை. அப்புறம் குக்கர் விசில், பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், கரண்ட் போனதும் கீச்சிடும் இன்வெர்ட்டர், அபார்ட்மென்ட் ஜெனரேட்டர். வீட்டில் ஆள் இருக்கும்போது வெடி கேட்டால் நாய் என்ன செய்யும் என்று கட்டாயம் கேட்க வேண்டும். "பாத்ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்" என்றால், ஆளில்லாத ஒரு மதியம் வெடி கேட்ட பிறகு அது தனிமையையே பயத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கலாம். இரண்டு பயமும் ஒரே நாயிடம் சேர்ந்து இருப்பது சாதாரணமாகப் பார்ப்பதுதான், ஒன்றைக் கண்டதும் இன்னொன்றைத் தேடாமல் விடக்கூடாது.

அடைத்து வைப்பதும் இதே மாதிரி ஏமாற்றும் விஷயம். கூண்டில் விட்டுப் போனால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்கிற நாய், வீடு முழுக்கத் திறந்துவிட்டால் கதவருகில் படுத்துத் தூங்கவும் செய்யலாம். பால்கனியில் விட்டால் ஊளையிடுவது வெயிலாலா, தெரு நாய்களாலா, தனிமையாலா? ஆகவே "தனியா விடும்போது எங்க விடுறீங்க?" என்ற கேள்விக்கு அறை, கூண்டு, சங்கிலி, மொட்டை மாடி என்று தெளிவான பதில் வேண்டும், வேறு எங்கேயாவது விட்டுப் பார்த்ததுண்டா என்பதும் வேண்டும். கட்டியே போட்டு வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் அதைத்தான் முதலில் பேசியாக வேண்டும். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு ஓட நடக்க விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம், அந்த நாய்க்குப் பிரிவுப் பயிற்சி என்று தொடங்குவது வேடிக்கை.

சரி, இத்தனை கேட்டாலும் வாய்மொழிச் சாட்சி சாட்சிதான். வீடியோ வேண்டும்.

பெரிய கேமரா தேவையில்லை. டிராயரில் கிடக்கும் பழைய மொபைலில் வாட்ஸ்அப் வீடியோ காலைப் போட்டு வாசல் கதவைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, இந்தப் பக்கப் போனை மியூட்டில் போட்டுவிட்டால் முடிந்தது. மியூட் போட மறந்தால் தன் ஆளின் குரல் டிவி ஸ்டாண்டிலிருந்து வருகிறது என்று நாய் குழம்பிப்போகும், பார்க்க வேண்டியது கெட்டுப்போகும். போவது நிஜமாகப் போவதாக இருக்க வேண்டும். மாடிப்படியில் ஒளிந்து நின்றால் பல நாய்களுக்கு வாசனையும் காலடிச் சத்தமும் காட்டிக்கொடுத்துவிடும், ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று அது காத்திருக்கும். எப்போதும் பைக்கில் போகிறவர் என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்குமாவது போக வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடியோ எடுப்பது நாயை ஒரு மணி நேரம் கதறவிட்டு ஆதாரம் சேர்ப்பதற்கு அல்ல. ஏற்கெனவே சிசிடிவியில் பதிவு இருந்தால், அல்லது எதிர் வீட்டு அக்கா போனில் எடுத்த ஊளை இருந்தால் அதுவே போதும், புதிதாக எடுக்கவே வேண்டாம். புதிதாக எடுப்பதென்றால் நேரலையாகப் பார்த்துக்கொண்டே இருந்து, பதற்றம் ஏறுவது தெரிந்த உடனே திரும்பிவிட வேண்டும். நமக்கு வேண்டியது எத்தனை நேரம் கத்தும் என்பது இல்லை, எத்தனை நேரம் வரைக்கும் நிம்மதியாக இருக்கிறது என்பது. அது பத்து நிமிஷமாக இருக்கலாம், இருபது நொடியாகவும் இருக்கலாம். சில நாய்களுக்குக் கதவு சாத்துவதற்கு முன்னாலேயே எல்லை தாண்டிவிடும். அந்த எல்லைக்குக் கீழே இருந்துதான் பயிற்சி தொடங்கும்: நாய் பதறாத அளவுக்குக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்து, அந்த நேரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது.

வீடியோவில் வளர்ப்பவர் தேடுவது குரைப்பு, பயிற்சியாளர் தேடுவது அதற்கு முந்தையவை. ஏசி அறையில் இருந்துகொண்டு மூச்சிரைப்பது, தூக்கக் கலக்கம் இல்லாமலே வாயைப் பிளந்து கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்பது, கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஒரே தடத்தில் நடப்பது. "சத்தமே போடலை மேடம், சமத்தா வாசல்லயே உக்காந்திருந்துச்சு" என்று மகிழ்ச்சியாக அனுப்பிய வீடியோவில் நாய் நாற்பது நிமிஷம் கண் இமைக்காமல் கதவைப் பார்த்து எச்சில் வடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். சத்தம் போடாத நாய்களின் கஷ்டம் வெளியே வராமலே போவதற்கு இதுதான் காரணம், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால்தானே நம்மிடம் வருகிறார்கள்.

வீடியோவில் நேரமும் நிறையச் சொல்லும். பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் ஆள் கிளம்பிய சில நிமிஷங்களுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு லிஃப்ட் கதவு திறந்ததும் குரைத்து, கொரியர் பையன் போனதும் மறுபடி படுக்கிற நாய் அனேகமாக வேறு கேஸ். சாப்பாட்டையும் அதிலேயே பார்த்துவிடலாம். "சிக்கன் வெச்சிட்டுப் போனேன், வந்து பாத்தா கிண்ணம் காலி, அப்போ நல்லாத்தானே இருந்திருக்கு" என்பார்கள். வீடியோவைப் பார்த்தால் சிக்கன் அத்தனை நேரமும் தொடாமல் கிடந்திருக்கும், இவர் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுகிற இடைவெளியில் நாய் ஓடிப்போய் மொத்தத்தையும் விழுங்கியிருக்கும்.

உடம்பைப் பற்றிய கேள்விகளை முதல் நாளே கேட்க வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்றால் நீங்கள் இருக்கும்போதும் போகிறதா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறதா? சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் இருக்கும் நாய்க்குக் கதவுப் பயிற்சி கொடுத்து என்ன பயன். எட்டு ஒன்பது வயது வரை தனியாக நிம்மதியாக இருந்த நாய் திடீரென்று பதற ஆரம்பித்தால் கண், காது, மூட்டு, மூளைத் தளர்ச்சி என்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். மேலே சொன்ன அதே டேனியல் மில்ஸும் சகாக்களும் 2020-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் வந்த நாய்களில் மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏதோ ஒரு வலி இருந்ததாகவும், சில மருத்துவர்களின் கேஸ்களில் அது 80 சதவீதம் வரை போனதாகவும் சொல்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

மருந்து எழுதுவது பயிற்சியாளர் வேலை இல்லை. ஆனால் என்னென்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டு எழுதி வைப்பது நம் வேலைதான். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு என்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரைகளில் குளோமிப்ரமின் 1998-இல் வந்தது, ஃப்ளுவாக்ஸெடின் 2007-இல் வந்தது. இரண்டும் மயக்க மாத்திரை அல்ல, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்கானவை. இங்கே கவனிக்க வேண்டியது உண்ணி மருந்து. நம் ஊரில் உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்ட வாங்கும் மருந்துகளில் அமிட்ராஸ் என்ற ரசாயனம் உள்ளவை உண்டு, அதை மேற்சொன்ன மாத்திரைகளோடு சேர்க்கக் கூடாது. வீட்டுக்காரர் உண்ணிக் குளியலை மருந்து என்றே நினைப்பதில்லை, அதனால் "ஏதாவது மருந்து குடுக்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். "உண்ணிக்கு என்ன போடுறீங்க, பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று தனியாகக் கேட்டு வாங்கி, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டிரமடால் ஓடுகிறதா என்பதையும் அப்படியே, அதையும் இவற்றோடு கண்மூடித்தனமாகச் சேர்க்க முடியாது.

நாய் எங்கிருந்து வந்தது என்பதை நான் கொஞ்சம் வேகமாகவே கடந்துவிடுவேன், கடந்த காலத்தைத் தெரிந்துகொண்டு மாற்றக்கூடியது அதிகமில்லை. ஆனாலும் குட்டியை எத்தனை நாளில் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்று கேட்பதுண்டு. இத்தாலியில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில் 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட நாய்களிடம், இரண்டு மாதம் வரை தாயோடு இருந்தவற்றைவிட அதிகக் குரைப்பும் சத்த மிரட்சியும் பொருட்களைக் கடித்துக் குதறுவதும் கூடுதலாக இருந்தன. இந்தியாவில் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, ஆனால் கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகள் அட்டைப் பெட்டியில் விற்பனைக்கு வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதைவிட முக்கியம் எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்பது. வீடு மாறினார்களா, மகள் ஹாஸ்டலுக்குப் போனாளா, பாட்டி ஊருக்குப் போய்விட்டாரா, வொர்க் ஃப்ரம் ஹோம் முடிந்து ஆபீஸ் கூப்பிட்டுவிட்டார்களா? கூட்டமாக இருந்த வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தனிமை என்றால் என்னவென்றே நாலு வயது வரை தெரிந்திருக்காது. ஒரு முகூர்த்த நாளில் மொத்தக் குடும்பமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பியபோதுதான் முதல் தடவை தெரிந்திருக்கும்.

இதையொட்டிய இன்னொரு கேள்வி: ஆள் யாராவது இருந்தால் போதுமா, குறிப்பிட்ட ஒருவர்தான் வேண்டுமா? "பாட்டி வீட்டுல இருந்தாலும் அம்மா போனா அழுவுது" என்றால் பாதை வேறு. யாராவது பக்கத்தில் இருந்தாலே அமைதியாக இருக்கிறது என்றால் நமக்குக் கைவசம் நிறைய வழி இருக்கிறது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எதிர் ஃபிளாட் பெரியவர், வாட்ச்மேன் அண்ணாவின் ரூம். இவர்களில் யாரிடமெல்லாம் நாயை விட முடியும் என்று பேர் பேராகக் கேட்டு எழுத வேண்டும், ஏனென்றால் பயிற்சி நடக்கும் காலத்தில் நாயை அதன் எல்லைக்கு மேல் தனியாக விடாமல் இருப்பதுதான் மொத்த வைத்தியத்திலும் கடினமான பகுதி. காலையில் இருபது நொடி, முப்பது நொடி என்று பொறுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு மதியம் நாலு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், அஸ்திவாரம் தோண்டிய குழியில் அன்றாடம் மழைத் தண்ணீர் நிரம்புகிற கதைதான்.

அதனால் நாயைப் பற்றிய கேள்விகளைவிட மனிதர்களைப் பற்றிய கேள்விகள் அதிகமாகிவிடுகின்றன. அடுத்த இரண்டு மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்வேன். யார் எந்த நாள் ஆபீஸ், யாருக்கு நைட் ஷிஃப்ட், சபரிமலைக்கு யார் போகிறார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே, பிள்ளைக்கு எப்போது பரீட்சை. குறிக்கோளையும் அங்கேயே பேசிவிட வேண்டும். எட்டு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டு வருபவருக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வாரத்தில் இரண்டு நாள், மூன்று மணி நேரம்தான் உண்மையான தேவையாக இருக்கும். அது கேட்கவும் செய்யவும் எவ்வளவோ எளிது.

ஏற்கெனவே என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதைக் கேட்பதில் பக்குவம் வேண்டும். "அடிச்சீங்களா?" என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். "இந்த மாதிரி நேரத்துல பொறுமை போய் நிறையப் பேர் ரெண்டு போட்டுடுவாங்க, ஷாக் காலர் வாங்கிப் பாப்பாங்க, கத்தட்டும்னு விட்டுப் பாப்பாங்க, உங்க வீட்டுல எதெல்லாம் நடந்துச்சு?" என்று கேட்டால் பதில் வரும். முகத்தில் சலனம் காட்டாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் அந்தக் காலரை மாட்டினதும் குரைப்பு நின்றது என்றால், பயம் போகவில்லை, சத்தம் மட்டும் போயிருக்கிறது, இனி வீடியோவில் குரைப்பை நம்ப முடியாது என்று நமக்கு ஒரு தகவல். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் டாட்மனும் ஃப்ளானிகனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிவுப் பதற்றம் உள்ள 200 நாய்களையும் இல்லாத 200 நாய்களையும் ஒப்பிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டு நாய்களிடம் இந்தத் தொல்லை இரண்டரை மடங்கு அதிகம் தெரிந்தது, ஆனால் வீட்டில் இன்னொரு பிராணி இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை, செல்லம் கொடுப்பதற்கும் தெரியவில்லை. "கட்டில்ல படுக்க வெச்சு நீதான் கெடுத்த" என்று புருஷனும் பெண்டாட்டியும் நம் எதிரிலேயே சண்டை போடும்போது இந்தக் கடைசித் தகவல் ரொம்பவே உதவும்.

அபார்ட்மென்ட் நெருக்கடியைக் கேட்காமல் விடக் கூடாது. அசோசியேஷன் நோட்டீஸ் வந்திருக்கிறதா, வீட்டு ஓனர் கெடு வைத்திருக்கிறாரா? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதல்படி குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட நாய் வளர்க்கத் தடை போட முடியாது, குரைப்பு அதற்குக் காரணமாகாது. சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காக இரவு ஒரு மணிக்கு ஊளை கேட்டுத் தூக்கமிழந்தவரிடம் சர்க்குலரை நீட்டினால் பகைதான் வளரும், அது வேறு. எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் முதலில் பயிற்சியா, அல்லது உடனே நாயைப் பகலில் வேறெங்காவது விட ஏற்பாடா என்று சொல்ல முடியும். "இது சரியாகலைன்னா நாயை என்ன பண்றதா இருக்கீங்க?" என்றும் நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்கக் கூசும், ஆனால் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று வீட்டில் பாதிப் பேர் முடிவெடுத்திருப்பதை மூன்றாவது வாரத்தில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

இதையெல்லாம் எப்படி வாங்குவது? நடத்தையை அளக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் சி-பார்க் என்ற கேள்வித்தாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் செர்பெலின் குழு உருவாக்கியது, நூறு கேள்வி அளவுக்கு நீளம், தனியாக விடும்போது நடப்பவற்றுக்கு என்றே அதில் ஒரு பகுதி உண்டு. மாதிரிக்கு அதைப் பார்க்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு நூறு கேள்வியை அனுப்பினால் ஆம், இல்லை, தெரியாது என்று தட்டிவிட்டு அனுப்பிவிடுவார். நம் ஆட்களுக்கு வாய்ஸ் நோட் சுலபம். பத்துப் பன்னிரண்டு கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பேசி அனுப்பச் சொல்லுங்கள், எழுதினால் இரண்டு வரியில் முடிப்பவர் பேசினால் ஆறு நிமிஷம் பேசுவார், அந்த ஆறில் ஒரு நிமிஷம் தங்கமாக இருக்கும். வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாக வாங்குவது இன்னும் நல்லது. அப்பா "வாரத்துல ஒரு நாள்தான் தனியா இருக்கும்" என்பார், மகள் "டெய்லி மதியம் ரெண்டு மணி நேரம்" என்பாள். பொய் யாரும் சொல்லவில்லை, அப்பா மதியம் வீட்டில் இருந்ததே இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு, ஆனால் முக்கியமானது. இப்படித் திரட்டிய தகவலை ஒரு திருடன் பார்த்தால் வேலை முடிந்தது: வீடு எந்தெந்த நேரம் காலி, கேமரா எங்கே, சாவி யாரிடம், நாய் கடிக்குமா கடிக்காதா. அதை குரூப்பில் போடுவது, 'முன்பு, பின்பு' என்று கிளையன்ட் வீட்டு ஹாலை ரீல்ஸில் காட்டுவது எல்லாம் கூடாது. பயிற்சி முடிந்ததும் வீடியோக்களை அழித்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு, பயிற்சிக்கு முந்தைய கடைசி வேலையாக, புரிந்துகொண்டதை அரைப் பக்கத்தில் எழுதி வளர்ப்பவருக்கே திருப்பி அனுப்புவது நல்ல பழக்கம். "ஹெல்மெட் எடுத்ததும் தொடங்குகிறது, கதவு சாத்தி இருபது நொடி வரை பரவாயில்லை, கூண்டில் மோசம், பாட்டி இருந்தால் பிரச்சினை இல்லை, இடிக்குப் பயம் உண்டு, சிறுநீர் டெஸ்ட் இன்னும் வரவில்லை, தை மாதம் முழுக்க மதியம் ஆள் கிடையாது" என்கிற மாதிரி. படித்துப் பார்த்து அவர் ஒரு வரியையாவது திருத்துவார், "இல்ல மேடம், பாட்டி தூங்கிட்டா மறுபடி ஆரம்பிச்சிடும்" என்று. திருத்தம் எதுவும் இல்லாமல் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தால், போன் பண்ணி ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.